காற்றாடி கரண்டில் ஒரு பஸ்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. தாளில் படியும் தேரி மணலை ஊதிவிட்டு ஊதிவிட்டுத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். திசையன்விளையில் மாடியில் ஏறிப் பார்த்தால் ராதாபுரம் பக்கமெல்லாம் கரண்ட் எடுக்கும் காற்றாடிகள் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். வியாசர்பாடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மூர் அண்ணாச்சி, "மின்சார பஸ்ல ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுப் போங்க" என்றார். 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்துதான் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் முதன்முதலாகப் புறப்பட்டன. உலக வங்கிக் கடனுதவித் திட்டம். ஓட்டுநர் ஒப்பந்தக் கம்பெனிக்காரர், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தார். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 200 கிலோமீட்டர் ஓடுமாம்.

அப்படி ஒரு பஸ்ஸில் ஏறப் போனேன். என் கண் போனதோ படிக்கட்டின் மேல். கையில் கட்டைப்பையோடு நின்ற ஒரு பாட்டி, கம்பியைப் பிடிக்காமல், யாரையும் "கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்று கூப்பிடாமல், வீட்டுத் திண்ணையில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ஜின் உறுமல் இல்லை. பின்சீட்டில் நடந்த குடும்பச் சண்டை முழுவதும் காதில் விழுந்தது. அது ஒன்றுதான் குறை!

புகை இல்லை, சரி. பேட்டரியில் ஏறும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தால் அந்தப் புகையும் வடசென்னைக்காரர் மூக்குக்குத்தான் போகும். நம் காற்றாடிகள் சுற்றும் மாதங்களில் அந்தப் பாரம் கொஞ்சம் குறைகிறது. எது யார் கரண்ட் என்று கம்பியில் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அந்தப் பாட்டியின் பயணத்தில் நம்மூர்க் காற்றுக்கும் பங்குண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கேட்டால், பேட்டரியைவிட முக்கியம் பஸ் நேரத்துக்கு வருவது. வராத பஸ் எவ்வளவு சுத்தமானதாக இருந்து என்ன பயன்? அரை மணி நேரம் காத்திருந்து அலுத்தவன் மறுநாளே தவணைக்கு பைக் எடுத்துவிடுகிறான். சாயங்காலம் நம் பஜாரில் நடந்து பாருங்கள், அப்படி வாங்கிய பைக்குகள்தான் நம்மை இடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒரு காலத்தில் திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்குக் குட்டி ரயிலே ஓடியது. 1940-ல் நின்றது, நின்றதுதான். இப்போது உவரிக்கும் சாத்தான்குளத்துக்கும் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறோம்.

உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். வந்தவற்றைக் கட்டாகக் கட்டி, அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் நம் பகுதி பஸ் பணிமனையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்