சோற்றைக் குறைக்குமுன் சோதனை தேவை

சோறு, சப்பாத்தி, சர்க்கரையை ஒதுக்கி முட்டையும் இறைச்சியும் உண்ணும் ‘பேலியோ’ முறை தமிழர்களிடையே பரவி ஆண்டுகள் பலவாகிவிட்டன. இது முற்றிலும் புதிதன்று. லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், மாவுப் பண்டங்களைக் குறைத்து உடல் மெலிந்ததை 1863-லேயே சிறு நூலாக வெளியிட்டார்.

இம்முறையில் எடை குறைகிறது, இரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருளும், மயக்கம் வரும். வீட்டில் இருப்பவர் கட்டிலில் சாய்ந்துகொள்வார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தின் முன் நிற்பவர் எங்கே சாய்வார்?

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குப் பீன்யாவிலேயே மருத்துவமனை இருக்கிறது. இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்து, மருந்தளவை மருத்துவரே திருத்திய பிறகு தொடங்குவதே முறை. தாமாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

நாள்தோறும் இறைச்சி வாங்கத் தொழிலாளியின் சம்பளம் இடங்கொடாது. ஆலைக் கேன்டீன்களில் சோற்றைக் குறைத்து முட்டை, பயறு, காய்கறியைக் கூட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.