பள்ளம் தோண்டுமுன் சொல்லுங்கள்!

அம்பத்தூரில் குழாய் பதிக்க ஒரு தெருவைத் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜே.சி.பி. எந்திரத்தின் பல், மண்ணுக்குள் கிடந்த ஒரு கேபிளில் பட்டுவிடுகிறது. கேபிள் அறுந்துபோகிறது.

தண்ணீர் பீறிடாது. தீப்பொறி பறக்காது. ஓட்டுநர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால், அந்தக் கேபிளை நம்பியிருந்த பாங்கியில் வேலை நின்றுவிடும். ஏ.டி.எம்.மில் பணம் வராது. கைப்பேசிக் கோபுரம் ஊமையாகும். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் தாய்மார்கள் வெயிலில் நிற்பார்கள்.

அறுந்தது என்ன? கண்ணாடி நூல்!

இப்போது பேச்சும் படமும் பணக் கணக்கும் வெளிச்சமாக மாறித்தான் பயணம் செய்கின்றன. லேசர் விளக்கு ஒரு விநாடியில் ஆயிரம் கோடி தடவை மின்னி மின்னி அணைகிறது. அந்த மினுக்கல்தான் சேதி.

லேசர் 1960-லேயே வந்துவிட்டது. அதைக் கொண்டுபோகத்தான் வழி இல்லை. காற்றில் விட்டால் மழையும் மூடுபனியும் மறிக்கும். கண்ணாடிக்குள் விட்டால், கண்ணாடியே வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

"குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள அழுக்கில்தான்" என்பதை 1966-ல் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். ஷாங்காயில் பிறந்து, இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். 1 கிலோமீட்டர் போன பிறகு நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சினாலே போதும் என்று அவர் கணக்குப் போட்டார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி அதைச் செய்துகாட்டியது. இன்றைய நூலில் 1 கிலோமீட்டர் கழித்து நூற்றில் 95 பங்கு மிஞ்சுகிறது! காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சுத்தம் மட்டும் போதாது. நூலின் நடுவே வெளிச்சம் ஓடும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு இருக்கலாம்.

ஏன் இத்தனை குறுகல்? பாதை அகலமானால் வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதிப் பல வழிகளில் ஓடும். ஒரு மினுக்கலின் வால், அடுத்ததன் தலைமேல் ஏறிவிடும். எழுத்தின்மேல் எழுத்து எழுதினால் படிக்க முடியுமா? குறுகிய பாதையில் ஒரே வழிதான், குழப்பம் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை அகலமானால் வண்டிகளின் வேகம் கூடும். இங்கே நேர்மாறு!

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. கடலைத் தாண்டி வரும் சேதியும் கடைசியில் தெரு மண்ணுக்குள்தான் வந்தாகவேண்டும். லேத் பட்டறைகளுக்குப் பேர்போன அம்பத்தூரில் 2023-ல் ஜப்பானின் என்.டி.டி. கம்பெனி பெரிய டேட்டா சென்டர் திறந்தது. இந்த வட்டாரத்து மண் சாதாரண மண் அல்ல.

அறுந்ததை ஒட்டுவது லேசா? முதலில் ஒரு முனையிலிருந்து வெளிச்சத்தை அனுப்புவார்கள். அறுந்த இடத்தில் பட்டு அது திரும்பிவரும் நேரத்தை வைத்து, இத்தனையாவது மீட்டரில் சேதம் என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலையும் துடைத்து, நேராக வெட்டி, எந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டவேண்டும். ஒரு கேபிளில் நூறு நூலுக்கு மேலும் இருப்பதுண்டு. ஒரு தூசி விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து!

இப்படிக் கண்டபடி தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசாங்கமே சொன்னது. தோண்டுமுன் தகவல் சொல்ல ஒரு செயலியைப் பிரதமர் மோடி 2023 மார்ச் 22-ந் தேதி தொடங்கி வைத்தார். "கால் பிபோர் யூ டிக்" என்று அதற்குப் பெயர். தோண்டுமுன் கூப்பிடு என்று அர்த்தம்.

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கடப்பாரை பிடிப்பவருக்குத் தெரியவேண்டாமா?

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. கேபிளுக்கு இந்த எல்லைக்கோடு கிடையாது. சாலை வெட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரிகள், செயலியில் பதிவு செய்த ரசீதை முதலில் கேட்கவேண்டும். ரசீது இல்லையென்றால் அனுமதி இல்லை என்று இரண்டு மாநகராட்சிகளும் சேர்ந்து உத்தரவு போடட்டும்.

கேபிள் கம்பெனிகளும் யோக்கியர்கள் அல்ல. அரை முழ ஆழத்தில் புதைத்துவிட்டு, அடையாளம்கூட வைக்காமல் போகிறவர்கள் உண்டு. கேபிள் போகும் வழியெல்லாம் கல் நடட்டும். அதில் எச்சரிக்கையையும் டெலிபோன் எண்ணையும், எந்திரம் ஓட்டுகிறவர் இறங்காமலே படிக்கும்படி, பெரிய எழுத்தில் தமிழில் எழுதட்டும்.