பதற்றம் என்ற சொல்லை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்

தோழர்களே, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒரு தலித் மாணவி, வைவா நாளில் மூச்சு முட்டி வகுப்பை விட்டு வெளியே ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் "தகுதி இல்லாதவர்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்பார். நம்மில் ஒருவர் "அம்பேத்கர் பிள்ளைக்கு என்ன பயம்?" என்பார். முதலாவது வன்மம், இரண்டாவது அன்பு. ஆனால் இரண்டுக்கும் பிறகு அவள் தனியாகத்தான் நிற்கிறாள்.

மனநலம் என்றாலே நம் இயக்கங்கள் முகம் சுளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வளாகத்திலேயே கூடாரம் போட்டு, அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்துப் போராடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அதை விசாரித்த ரூபன்வால் ஆணையம், அவருடைய சொந்த விரக்தியே காரணம் என்று எழுதியது. மனம் என்ற சொல்லைக் கொண்டு சாதியைக் கழுவும் வேலையை அன்று பார்த்தோம். அதனால் அந்தச் சொல்லையே தொட மறுக்கிறோம்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சாதியும் நோயும் எதிரெதிர் விளக்கங்கள் அல்ல. எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட மாடிகளுக்குள் ஒதுங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. அப்படி ஒரு சூழலில் உடம்பு எப்போதும் அடிக்குத் தயாராகவே இருக்கும். தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மாதக்கணக்கில் இது நீடித்துப் படிப்பையும் வாழ்க்கையையும் முடக்கினால், அது பதற்றக் கோளாறு. காரணம் சமூகத்தில் இருக்கலாம். துடிப்பதோ ஒரு தனி மனிதரின் நெஞ்சு. விடுதலை வரும்வரை அது காத்திருக்காது.

சிகிச்சை கேட்பது சரணாகதி ஆகாது. அது உரிமை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவையைச் சாதிப் பாகுபாடின்றிப் பெறும் உரிமையைத் தருகிறது. 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. பேச்சு சிகிச்சை பலருக்கு உதவுகிறது. மருந்து தேவைப்பட்டால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தக் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

"சாதியை மறந்துவிட்டு மூச்சுப் பயிற்சி செய்" என்று ஒரு ஆலோசகர் சொன்னால், மூச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறிவுரையைத் திருப்பிக் கொடுங்கள். சாதி தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் உதவித்தொகைக்கு அடுத்த வரியாக இருக்கட்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை நம் கையில் உள்ளன. பேனிக் அட்டாக் வந்தவரிடம் "ஒன்றுமில்லை, யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது உச்சத்துக்குப் போய்த் தணியும் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். முதல் முறை நெஞ்சு வலியோடு வந்தால் மருத்துவமனைக்கே போங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு வாங்கக் கூடவே வரிசையில் நில்லுங்கள். அவர் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள்.

போஸ்டர் ஒட்ட முறை வைத்துக்கொள்கிறோம். விடுதி அறைக் கதவை இரண்டு நாளாகத் திறக்காத தோழரைப் போய்ப் பார்க்கவும் முறை வையுங்கள். கூட்டத்துக்கு வராதவரைத் துரோகி என்பதற்கு முன், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். அதுவும் இயக்க வேலைதான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதலில் எழுதுங்கள்.

ஜெய்பீம்.