பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடம்: கரிசல் விவசாயிக்கும் அதில் ஒரு வரிசை வேண்டும்



ஆராய்ச்சிக்குப் பல கோடி நிதி, நவீன கருவிகளுடன் புதிய ஆய்வுக்கூடம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்தில் மானாவாரி பார்ப்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "புரட்டாசியில் மழை பெய்தால் போதும், கோயம்புத்தூரில் எந்த மிஷின் வந்தால் நமக்கென்ன?" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நம் கரிசல் காட்டில் வந்த தொல்லைகளை எண்ணிப் பாருங்கள். மக்காச்சோளத்தில் படைப்புழு, உளுந்தில் மஞ்சள் தேமல், வத்தலிலும் நிலக்கடலையிலும் பூஞ்சை நஞ்சு. இவை மூன்றிலும் கடைசித் தீர்ப்பைச் சொன்னது ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்த கருவிதான். அந்தக் கருவி யாருடையது, அதை யார் பயன்படுத்தலாம் என்பது உங்கள் விளைச்சலோடும் விலையோடும் சம்பந்தப்பட்ட கேள்வி.

பொதுக் கருவிக்கூடம் என்றால் என்ன?

ஊரில் ஆளுக்கொரு அறுவடை இயந்திரம் வாங்க முடியாது. வேளாண் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து எல்லோரும் அறுத்துக்கொள்கிறோம். பல்கலைக்கழகங்களிலும் அதே கணக்குதான். மரபணுவைப் படிக்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத நஞ்சின் அளவைச் சொல்லும் கருவி, எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆகியவை பல லட்சத்தில் தொடங்கிச் சில கோடி ரூபாய் வரை விலை உள்ளவை. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டி வைத்தால் பணம் வீண். ஒரே இடத்தில் வைத்து, பயிற்சி பெற்ற ஆட்களை நியமித்து, எல்லாத் துறையினரும் முன்பதிவு செய்து கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் ஏற்பாட்டைத்தான் பொதுக் கருவிக்கூடம் என்கிறோம்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே சென்னை ஐஐடி போன்ற இடங்களில் இப்படிப்பட்ட மையங்களைத் தொடங்கியது. உயிரியல் ஆய்வுக்கென்றே 2009-ல் பெங்களூருவில் சி-கேம்ப் என்ற மையம் ஏற்படுத்தப்பட்டது. அங்கே வெளி நிறுவனங்களின் மாதிரிகளும் கட்டணத்துக்கு ஆய்வு செய்யப்படுகின்றன.

படைப்புழு சொன்ன பாடம்

2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் ஒரு புழுவை அங்குள்ள பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டார்கள். புழு சிறிதாக இருக்கும்போது அது புரோடீனியாவா, பச்சைக்காய்ப் புழுவா, புதிதாக வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். வளர்ந்த பிறகுதான் தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். அதன் உருவ அமைப்பையும் மரபணுவையும் சோதித்த பிறகே, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிவந்த படைப்புழு என்று உறுதியானது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது.

அந்த ஆண்டே புழு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட மானாவாரி மக்காச்சோளம் என்ன பாடுபட்டது என்பது உங்களுக்கே தெரியும். 2019-ல் அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குச் சேதம் இருந்தது. எந்தப் பூச்சி என்று தெரியாமல் கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தவர்களுக்குச் செலவுதான் மிஞ்சியது. பெயர் உறுதியான பிறகுதான் விதை நேர்த்தி, வேப்பம்புண்ணாக்கு, வரப்புப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி, பயிரின் வயதுக்கேற்ற மருந்து என்று ஒழுங்கான பரிந்துரை கொடுக்க முடிந்தது. பூச்சியின் பெயரை உறுதிசெய்வது ஒரு வாரம் தாமதமானால், நூறு கிராமங்களில் ஒரு வாரம் தவறான மருந்து அடிக்கப்படும்.

உளுந்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. மஞ்சள் தேமலை வெள்ளை ஈ பரப்புகிறது. இலையில் ஒரே மாதிரி மஞ்சளைக் காட்டும் வைரஸ்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்களை நாம் பயிரிடுகிறோம். ஆனால் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பது. எதிர்ப்பு ரகத்திலேயே ஒரு காட்டில் மஞ்சள் பரவினால், அது விதைக் கலப்பா, வைரஸ் மாறிவிட்டதா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும். அந்த இலை உங்கள் காட்டில் இருக்கிறது, கருவி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இரண்டும் சேராவிட்டால் அடுத்த ரகத்துக்கான வேலையும் தாமதமாகும்.

வத்தலுக்கும் கடலைக்கும் விலை சொல்லும் எண்

அஃப்ளாடாக்சின் என்பது ஒருவகைப் பூஞ்சாணம் உண்டாக்கும் நஞ்சு. தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நிலக்கடலை காய் முற்றும் நேரத்தில் வறட்சி வந்தால் காட்டிலேயே இது தொடங்கிவிடும். வத்தலை மண் தரையில் காயப்போட்டாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் கூடும்.

பருப்பை உடைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. அதாவது ஒரு டன் கடலையில் 15 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையைவிடக் குறைவு. இதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. மசாலாப் பொருட்களுக்கு நம் நாட்டு வரம்பு 30 மைக்ரோகிராம். ஐரோப்பிய நாடுகளில் வத்தலுக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. ஆகவே உள்ளூரில் தேறும் விளாத்திகுளம் வத்தல் கப்பல் ஏறும்போது தேறாமல் போகலாம். இதற்காகவே நறுமணப் பொருட்கள் வாரியம் தூத்துக்குடியில் தர ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் கடலையின் தரத்துக்கும் சான்று வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து "பூசணம் இருக்கு" என்று விலையைக் குறைக்கிறார். நல்ல சரக்கு வைத்திருப்பவரிடமும் மறுத்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஏற்றுமதியாளர் கையில் சோதனை அறிக்கை இருக்கிறது, விளைவித்தவர் கையில் இல்லை. பேரத்தில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க உதவுவது ஆய்வுக்கூட அறிக்கை.

கொள்கை இருக்கிறது, இடிப்பது எங்கே?

அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளை எல்லோரும் பார்த்து முன்பதிவு செய்யும்படி ஐ-ஸ்டெம் என்ற இணையதளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கருவிகளைப் பகிர்வது, பராமரிப்பது பற்றி ஸ்ரீமான் என்ற பெயரில் 2022-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் நிறைவேறியது. 5 ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் ஆராய்ச்சிக்குத் திரட்டுவது இலக்கு. அதில் பெரும்பகுதி தனியார் போன்ற அரசு சாராத வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். லாபம் தெரியும் துறைக்குத் தனியார் பணம் வரும். மானாவாரி சோளத்துக்கும் உளுந்துக்கும் அப்படி வரும் என்று நம்பி இருக்க முடியாது. இங்கே அரசுப் பணம்தான் கைகொடுக்க வேண்டும்.

நடைமுறையில் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, பராமரிப்பு. கருவி வாங்கத் திட்ட நிதி கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் அதன் விலையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பராமரிப்புக்கு வேண்டும். மின்சாரம், குளிர்சாதனம், வாயு, ரசாயனம் எல்லாம் தனிச் செலவு. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வுக்கூட ரசாயனங்களின் இறக்குமதி வரி 10 விழுக்காட்டிலிருந்து 150 ஆக உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே ஆய்வுக்கூடங்களுக்குப் பழைய வரி திரும்பியது. ஆய்வுக்கூடத்தின் அன்றாடச் செலவு எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதற்கு இதுவே உதாரணம்.

இரண்டாவது, ஆள். திட்டக் காலம் முடிந்தால் தற்காலிகப் பணியாளரும் போய்விடுவார். ஓட்டுநர் இல்லாத டிராக்டர் கொட்டகையில் நிற்பது போலக் கருவி நிற்கும்.

மூன்றாவது, வாசல். முன்பதிவு முறைகள் ஆராய்ச்சியாளரையும் தொழில் நிறுவனத்தையும் மனதில் வைத்து அமைந்தவை. விவசாயியின் மாதிரிக்கென்று தனி வரிசை இல்லை. தமிழில் அறிக்கை கிடைப்பதும் அரிது. ஒட்டப்பிடாரத்திலிருந்து கோவைக்குச் சுமார் 350 கிலோமீட்டர். ஒரு வாடிய இலை அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் பெரிய கருவி வேண்டாம்

உங்கள் கேள்விக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மண்ணின் கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் சத்து அறிய கோவில்பட்டியில் உள்ள அரசு மண் பரிசோதனை நிலையமே போதும்.

பூச்சி, நோய் அடையாளம் காண முதலில் உதவி வேளாண்மை அலுவலர், வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம், 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அல்லது கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியை அணுகுங்கள். பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும். வழக்கமான மஞ்சள் தேமலுக்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே செடியைப் பிடுங்கி அழியுங்கள்.

புதிய பூச்சி, எதிர்ப்பு ரகத்தில் வந்த நோய், மருந்து எச்சம், அஃப்ளாடாக்சின் ஆகியவையே பெரிய கருவிக்குப் போக வேண்டியவை. விற்பனைக்காக அறிக்கை வாங்கும்போது, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் அந்த ஆய்வுக்கூடத்துக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத அறிக்கையை வாங்குபவர் ஏற்க மறுக்கலாம்.

மாதிரி சரியில்லை என்றால் முடிவும் சரியில்லை

கோடி ரூபாய்க் கருவியும் நீங்கள் கொடுத்த மாதிரியைத்தான் சோதிக்கும்.

• மண்: வரப்பு, மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி எடுக்க வேண்டும். சோளம், உளுந்துக்கு 15 செ.மீ., பருத்திக்கு 22 செ.மீ. ஆழம். கலந்து, நான்காகப் பகுத்து, அரை கிலோவாகக் குறைக்கவும்.

• கடலை, வத்தல்: நஞ்சு எல்லாக் காயிலும் சமமாக இருக்காது. ஆயிரத்தில் ஒரு பருப்பில் மொத்தமும் இருக்கலாம். மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்தால் முடிவு பொய்யாகும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துச் சில கிலோ சேர்க்க வேண்டும். அதை மொத்தமாக அரைத்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

• இலை: காலையில் பறித்து, ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி, ஐஸ் பெட்டியில் அன்றே சேர்க்கவும். நல்ல செடியின் இலையையும் தனியாக வைக்கவும்.

• புழு: காற்றோட்டமுள்ள டப்பாவில் இலையோடு உயிருடன், ஒரு டப்பாவுக்கு ஒரு புழு. படைப்புழு ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒவ்வொன்றிலும் ஊர், ரகம், விதைத்த நாள், அடித்த மருந்து எழுதிய சீட்டு அவசியம்.

இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்?

தனி ஆளாகச் சோதனைக் கட்டணம் கட்டுவது பாரம்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் இருபது பேர் ஒரே ரகம், ஒரே முறையில் காயவைத்த சரக்கைச் சேர்த்துக் கூட்டு மாதிரி எடுத்தால் செலவு பங்காகிவிடும். ஒருவர் தரையில் காயப்போட்டால் இருபது பேரின் எண்ணும் கெடும் என்பதால் தார்ப்பாய்க் கட்டுப்பாடும் தானாக வரும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். பல்கலைக்கழகக் கருவிக்கூடங்களில் மாதம் குறிப்பிட்ட நாட்களை விவசாயிகளின் மாதிரிக்கு ஒதுக்க வேண்டும். கோவில்பட்டியிலோ கிள்ளிகுளத்திலோ மாதிரிகளைப் பெற்றுக் குளிர்பெட்டியில் அனுப்பும் வசதி வேண்டும். முடிவு இத்தனை நாளில், தமிழில், என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரையோடு வர வேண்டும். புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. இருக்கும் கருவிக்குப் பராமரிப்புப் பணமும், ஓட்டும் ஆளும், நமக்கு ஒரு வரிசையும்தான் கேட்கிறோம்.

எதிர்ப்பு ரக உளுந்தில் மஞ்சள் பரவலாகத் தெரிந்தாலோ, இதுவரை பார்க்காத பூச்சி தென்பட்டாலோ மருந்துக் கடைக்குப் போகும் முன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தகவல் கொடுங்கள்.