காதல் தாங்கியது, கடை தப்பியது

'வறுமையிலும் வாடாத காதல்' என்னும் சொற்றொடரைக் கேட்டாலே எனக்கு ஐயம் எழுகிறது. வாட்டியவர் யார் என்னும் வினாவை அது ஓசையின்றி விழுங்கிவிடுகிறது. வசந்தபாலன் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படத்தைத் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் மறையுரைகளிலும் நம்மவர்கள் எடுத்தாளும் விதமே இதற்குச் சான்று.

கதையை வாசகர் அறிவர். தென்மாவட்டச் சிற்றூரிலிருந்து பிழைக்க வந்த லிங்கு, சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறான். உடன் பணிபுரியும் கனியை நேசிக்கிறான். நாள் முழுவதும் நின்றே விற்க வேண்டும். அசந்தால் மேற்பார்வையாளனின் அடி. இரவில் மந்தைபோல் அடைந்து கிடக்க ஒரு விடுதி. அந்த வேலையும் போய், இருவரும் நடைபாதையில் உறங்கும் இரவில் வாகனம் மோதிக் கனி கால்களை இழக்கிறாள். லிங்கு அவளையே மணக்கிறான்.

நம் போதகர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். "உண்மை அன்பைப் பாருங்கள்!" என்கிறார்கள். பார்க்கிறோம். ஆனால் அவர்கள் நடைபாதைக்கு வந்தது எப்படி? அது விதியன்று, இறைவன் வைத்த சோதனையுமன்று. படுக்க ஓரிடம் வாங்கவும் போதாத கூலி. மனிதன் இழைத்த அநீதியைச் சிலுவை என்று பெயரிட்டு ஏழையின் தோளில் ஏற்றுவது இறையியலாகாது.

அதே படத்தில் இன்னோர் இணையும் உண்டு. அவர்களை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. வேலை போய்விடுமே என்றஞ்சிய இளைஞன், விசாரணையின்போது தன் காதலை மறுதலிக்கிறான். அதைக் கேட்ட பெண் மாடியிலிருந்து குதித்து மாள்கிறாள். லிங்குவைப் போற்றும் நாம் இவனைக் கோழை என்போம். குளிர்காய்ந்தபடி மறுதலித்த பேதுருவைப் புரிந்துகொள்ளும் நமக்கு, சோற்றுக்காக மறுதலித்தவனைப் புரிந்துகொள்ள ஏன் முடியவில்லை? காதல் தாங்கினால் காவியம், முறிந்தால் காதலனின் குற்றம். இரண்டு கணக்கிலும் முதலாளியின் பெயர் வருவதேயில்லை.

திரைப்படம் காதலைத்தான் சொல்ல வேண்டும், தொழிலாளர் சட்டத்தையன்று எனச் சிலர் வாதிடலாம். இயக்குநரே அப்படி எண்ணவில்லை. காதலைக் கடைக்கு வெளியே ஒரு சோலையில் வைக்காமல், கடைக்கு நடுவிலேயே வைத்தார். தொழிலாளி சிக்கனமாக வாழவேனும் ஊதியம் போதுமானதாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டிலேயே எழுதினார். இன்ப துன்பங்களில் பிரியோம் என வாக்களிக்கும் மணமக்களுக்கு அந்தச் சுற்றுமடலை நாம் கற்பிப்பதில்லை; பொறுமையை மட்டும் கற்பிக்கிறோம்.

விற்பனைப் பணியாளர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். படம் வெளியாகிப் பதினோராண்டுகள் கழித்து. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட நாடு இது!

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இந்த வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக் கடைவீதி அதிகத் தொலைவில் இல்லை. அங்கே சேலை வாங்கப் போகும் நம் குடும்பங்கள், பத்தாவது சேலையையும் விரித்துக் காட்டச் சொல்லும் முன், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது கிடக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையெனில், கடைக்காரரிடம் காரணம் கேட்கட்டும்.