பெண்கள் எழுதியதை வெட்டாமல் வெளியிடுவோம்

நமது சங்கத்தின் சார்பில் விரைவில் ஒரு தொகுப்பு நூல் வெளிவர இருக்கிறது. மும்பையில் வாழும் தமிழ்ப் பெண்கள் தங்களுடைய 13 வயது முதல் 19 வயது வரையிலான நாட்களைப் பற்றித் தாங்களே எழுதிய கட்டுரைகள் அவை. இரண்டாண்டுகளுக்கு முன்பு இதே ஏட்டில் அறிவிப்புக் கொடுத்தபோது, ஏழெட்டுப் பேர் எழுதுவார்கள், ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணினோம். 31 பேர் எழுதிவிட்டார்கள். பள்ளி நோட்டுத் தாளிலும், கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாத மூன்று மூதாட்டிகள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து, பேத்திகளை விட்டு எழுதச் சொன்னார்கள்.

அச்சுக்குப் போகும் தறுவாயில் இப்போது எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது. இரண்டு கட்டுரைகளை அடியோடு நீக்க வேண்டும், மற்றவற்றில் வேண்டாத வரிகளை வெட்ட வேண்டும் என்று சென்ற செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நமது கருத்தை வாசகர்களிடம் சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறோம். நூல் வெட்டாமல் வரவேண்டும். வெட்டித்தான் வரும் என்றால் வரவே வேண்டாம்.

எழுப்பப்பட்ட முதல் கேள்வி, அரசியல் பேசும் சங்கத்துக்கும் பெண்பிள்ளைகளின் சொந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்பது. நமக்கு வீட்டு உரிமை உண்டு, ரேஷன் உண்டு, தமிழ்ப் பள்ளி உண்டு. இதற்கெல்லாம் போராடவே நேரம் போதவில்லையே என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். நியாயமான வருத்தம்தான். அவருக்கு நாம் ஒரு தீர்ப்பை நினைவுபடுத்த விரும்புகிறோம்.

1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைக் குடிசைகளை இடித்து, குடியிருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சொந்த ஊருக்குத் துரத்திய கொடுமையை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது முதலமைச்சராக இருந்தவர் ஏ.ஆர்.அந்துலே. அதை எதிர்த்து நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று அது சொன்னதை நமது மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! அந்தத் தீர்ப்புக்குள்ளேயே ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் வறட்சியால் வேலையிழந்து 1961-இல் இங்கே வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவர். தஹிசரில் இரசாயனக் கம்பெனி ஒன்றில் அவருக்கு நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் படுதாவும் போட்ட ஒரு மறைப்புக்காக, பேட்டைத் தாதா ஒருவன் அவரிடம் பறித்தது 2,500 ரூபாய். இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அவருக்கு மனைவியும் மூன்று மகள்களும் உண்டு என்பதும், மகள்களின் வயது 16, 13, 5 என்பதும் பதிவாகியிருக்கின்றன. குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தேற்றினார்கள். மனைவி மக்கள் அங்கேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் ஒண்டினார்.

கூலி தெரிகிறது, தாதா பிடுங்கிய தொகை தெரிகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த 16 வயதுப் பெண் எங்கே குளித்தாள்? எந்த நேரத்தில் ஒதுங்கினாள்? 13 வயதுக்காரி பள்ளிக்கூடம் போனாளா? போயிருந்தால், அவள் புத்தகப் பை பேருந்தில் ஏறியதா, இடிபாட்டில் போனதா? அந்தப் பெண்கள் சொல்லியிருந்தால் அல்லவா தெரியும். வழக்கு அதற்கானதல்ல என்று நீதிபதிகளை விட்டுவிடலாம். நாமும் கேட்கவில்லையே!

நமது தொகுப்பைப் படித்தபோதுதான் இந்தக் கேள்விகளுக்கு விடை எப்படி இருக்கும் என்று விளங்கியது. ஒரு கட்டுரை முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. விடியற்காலை 3 மணிக்கு நல்லில் தண்ணீர் வரும். அம்மாவுக்குக் காலையில் இட்லி அவிக்க வேண்டும், தம்பிகள் தூங்க வேண்டும். ஆகவே குடத்தோடு வரிசையில் நிற்பது 14 வயது மூத்த மகள். வரிசையில் நின்றபடியே பாடம் படித்ததையும், பள்ளியில் போய்த் தூங்கியதையும், “சோம்பேறி” என்று டீச்சர் பெஞ்சுமேல் நிற்க வைத்ததையும் எழுதியிருக்கிறார். இன்னொருவர், மாலை 6 மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தாய் விதித்த கட்டுப்பாட்டைச் சொல்கிறார். இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை. அங்கே கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. ஏழாண்டுகள் மாலையில் தண்ணீர் குடிக்காமல் வளர்ந்த பெண் அவர்.

தோழர்களே, கழிப்பறை கேட்டு நாம் மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் சங்க அலமாரியில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தோம். இத்தனை குடும்பத்துக்கு இத்தனை இருக்கை என்று கணக்கு ஒழுங்காக எழுதியிருக்கிறோம். தாழ்ப்பாளைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ ஒரு மனுவிலும் ஒரு சொல் கிடையாது. எழுதச் சொல்வதற்கு அன்றைய செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லை. இதற்குப் பிறகும் இது சொந்தக் கதை, அரசியல் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கட்டுரைகள் எல்லாம் அழுகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1966-இல் சிவசேனை தோன்றி, மதராசிகளுக்கு எதிராகக் கூச்சல் கிளம்பிய நாட்களில், பாவாடை தாவணியோடு தெருவில் இறங்கவே பயந்த ஒரு சிறுமி, லோக்கல் ரயிலில் மீன் கூடைக்காரப் பெண்களிடம் மராத்தி கற்றுக்கொண்ட கதை இதில் இருக்கிறது. முதலில் கற்றது வசவுச் சொற்களாம்! பொட்டலம் கட்டி வந்த தமிழ் வார இதழ்த் தாளைப் பிரித்து வைத்துத் தொடர்கதை படித்து, அடுத்த வாரம் கிடைக்காமல் தாமே முடிவெழுதிக்கொண்ட ஒரு பெண்மணியும் இருக்கிறார். நமது மலர்களில் இவ்வளவு உயிருள்ள தமிழ் வந்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். 25 ஆண்டுகளுக்கு முந்திய மலரில் பெண்களுக்கு நாம் ஒதுக்கியது கோலத்துக்கு 2 பக்கம், வடாம் போடுவதற்கு 1 பக்கம்.

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் நாம் பிழைக்க வந்த இந்த மண்ணின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1855-இல் புனேயில், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா என்ற 14 வயது மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதய’ என்ற மராத்தி இதழ் அதை வெளியிட்டது. தலைக்குமேல் கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தாய்மாரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறாள். பெரியவர்களின் அறிக்கைகளில் காணாதது 14 வயதுக்காரியின் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

இதே பம்பாயில் ருக்மாபாய்க்கு 11 வயதில் மணமுடித்தார்கள். வளர்ந்தபின் அவர் கணவனோடு வாழ மறுத்தார். கணவன் வழக்குப் போட்டான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1885-இல், ‘ஓர் இந்துப் பெண்’ என்ற புனைபெயரில் குழந்தை மணத்தின் கொடுமையைப் பற்றி அவர் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வுக்கு எழுதிய கடிதங்கள் நாட்டையே உலுக்கின. கணவன் வீட்டுக்குப் போ, இல்லையேல் சிறைக்குப் போ என்று 1887-இல் தீர்ப்பு வந்தபோது, சிறைக்கே போகிறேன் என்றார். பிறகு இங்கிலாந்து சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். பெண்ணின் இசைவு வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த வழக்கு எழுப்பிய புயலும் உண்டு. பெயர் போடாமல் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு என்று செயற்குழுவில் கேட்டவருக்கும் இதுவே பதில்.

இனி அந்த இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம். ஒன்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தன் பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தகப்பனார் முச்சந்தியில் படத்தோடு தட்டி வைத்தார் என்றும், பையன்களின் கேலிக்குப் பயந்து ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை என்றும் ஒரு பெண் எழுதியிருக்கிறார். தகப்பனார் நமது மேடைகளில் பெண்ணுரிமை பேசுபவர். அவருக்குச் சங்கடம்தான். பெண்ணுக்கு அன்று இருந்த சங்கடத்தைவிடப் பெரிதில்லை.

மற்றது கனமானது. 1986-இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 16 வயதுப் பெண்ணுக்குத் தாய்மாமனோடு திருமணம் பேசினார்கள். அவள் மறுத்து, தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியை வீட்டில் போய் இருந்துகொண்டாள். நமது சங்கத்துப் பெரியவர்கள் மூவர் அங்கே போய், ஊர் சிரிக்கும் என்று எடுத்துச் சொல்லி, அழைத்து வந்து பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். மறு வாரம் கல்யாணம் நடந்தது. பெண்ணின் மணவயது 18 என்று 1978-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அந்த மூவருக்கு அது தெரியாது என்று நாம் நம்பவில்லை. அந்த ஆண்டுச் சங்க அறிக்கையைத் தேடி எடுத்தோம். “குடும்பப் பிணக்குகள் பல சுமுகமாகத் தீர்த்து வைக்கப்பட்டன” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அறிக்கையைப் பாராட்டி நமது ஏட்டிலேயே வெளியிட்டிருக்கிறோம். ஆக, இதில் நாமும் குற்றவாளிகள்.

கட்டுரையில் ஒருவர் பெயரும் இல்லை. எழுதியவரும் தம் பெயரை மாற்றிக்கொண்டார். ஆயினும் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இறந்தவர்களைத் தூற்றலாமா என்கிறார்கள். தூற்றவில்லை. அந்தப் பெரியவர்கள் தம் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். உயிரோடிருக்கும் ஒருவர் மறுப்பு எழுத விரும்பினால், அடுத்த இதழில் ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிடுவோம். ஆனால் கட்டுரையை நீக்கினால், 1986-இல் செய்ததையே மறுபடி செய்கிறோம் என்று பொருள். அன்று வீட்டுக்கு அழைத்து வந்தோம், இன்று வாயை மூடுகிறோம்.

இதெல்லாம் பழைய கதை என்பாரும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். எந்தக் கதை பழையது?

நமது அழுக்கை நாமே வெளியே காட்டினால் பிறர் நம்மை ஏளனம் செய்வார்களே என்ற அச்சம் இன்னொன்று. பிழைக்க வந்த இடத்தில் இந்த அச்சம் இயல்பானது. அதை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் மகாராஷ்டிரத்திலேயே தலித் பெண்மணி பேபி காம்ப்ளே என்ன செய்தார்? தம் மக்களின் வாழ்க்கையை எழுதும்போது, சாதிக்கொடுமையோடு தம் வீடுகளுக்குள் மருமகள்கள் பட்ட அடியையும் சேர்த்தே எழுதினார். எழுதியதைப் பல ஆண்டுகள் வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். 1986-இல் அது நூலாக வந்தது. நமது பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது ஊரில் கோபப்பட்டார்கள். அந்த நூல்களால் அந்த மக்களின் போராட்டம் குன்றிவிடவில்லை. அவற்றைப் படித்து அந்தப் பக்கம் வந்து நின்றவர்கள் ஏராளம்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2024-இல் தாராவி வீடுகளுக்கு எண் போட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எந்த ஆண்டு ரேஷன் கார்டு, எந்த ஆண்டு மின் கட்டண ரசீது என்று கேட்டார்கள். சந்து மாறிப் போகலாம், நல் இருந்த இடம் தெரியாமல் போகலாம். அந்த நல்லில் நின்ற பெண்களின் நினைவு எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது. எழுத்தாளர் அம்பை முதலானோர் 1988-இல் தொடங்கிய ஸ்பாரோ காப்பகம் இதே மும்பையில் பெண்களின் குரல்களைப் பதிவு செய்து காத்து வருகிறது. நூலின் ஒரு படியை அங்கே சேர்க்க வேண்டும் என்பது நமது விருப்பம்.

கடைசியாக, வெளியீட்டு விழா. வழக்கம்போல் மாலை 6 மணி, மேடையில் 14 நாற்காலி, தலைவர்களுக்குப் பொன்னாடை, எழுதியவர்கள் கீழே கடைசி வரிசை என்று ஒரு திட்டம் தயாராகியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். வேண்டாம். காலையில் தண்ணீர், மாலையில் சமையல். பெண்கள் வர முடிந்த நேரம் ஞாயிறு பிற்பகல் 3 மணிதான். மேடை வேண்டியதில்லை. வரவேற்புரை 2 நிமிடம் போதும். விரும்புகிறவர்கள் தம் கட்டுரையிலிருந்து ஒரு பக்கம் படிக்கட்டும்; பெயர் மறைத்தவர்களுடையதை வேறொருவர் படிக்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் தேநீர் போடவும் ஆண்களில் 10 பேர் பெயர் கொடுக்க வேண்டும். ஆசிரியர் குழுவிலிருந்து நால்வர் கொடுத்துவிட்டோம்.

20-ஆம் தேதிக்குள் பக்கங்கள் வேண்டும் என்கிறார் அச்சகத்தார். செயற்குழு 15-ஆம் தேதி சங்க அறையில் கூடுகிறது. உறுப்பினர்கள் தவறாமல் வரவேண்டும். வீட்டுப் பெண்களையும் அழைத்து வரவேண்டும். எழுதிய 31 பேருக்கும் நாம் தனித்தனியே அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.