யந்திரம் சொன்னால் போதுமா?

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்பதாக ஒரு பேச்சு படித்தவர் முதல் பாமரர் வரை எல்லோரிடமும் நடமாடி வருகிறது. வட்டிக் கடைக்காரன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்பதற்காகவே நாம் கடனை ஒப்புக்கொள்ளுவோமா? எழுதினது யார், என்றைக்கு, இடையில் திருத்தினது யார் என்று கேட்கமாட்டோமா? நோட்டுக்கு ஒரு நியாயம், யந்திரத்துக்கு ஒரு நியாயமா என்பதே நமது கேள்வி.

இந்தக் கண்மூடி நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த சங்கதியே போதுமான ருஜுவாகும். அங்கு 1999-ம் வருஷம் முதல் கிளைத் தபாலாபீசுகளின் கணக்கு "ஹொரைசன்" என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் வைக்கப்பட்டது. கையிலிருந்த ரொக்கம் கம்ப்யூட்டர் காட்டிய தொகைக்குக் குறைந்தால், ஆபீசை நடத்தியவர் மீது பழி விழுந்தது. 2015 வரையில் 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். பலர் கைக்காசைக் கட்டி ஓட்டாண்டியானார்கள். கம்ப்யூட்டர் சாட்சியம் கொண்டுவருகிறவர் அது சரியாக வேலை செய்ததைக் காட்டவேண்டும் என்று 1984-ம் வருஷத்துச் சட்டம் சொல்லியிருந்தது. 1999-ல் அந்த விதியை நீக்கச் சட்டம் செய்தார்கள். பிறகு, யந்திரம் சரியாகத்தான் இருந்திருக்கும் என்பதே கோர்ட்டின் அனுமானமாயிற்று!

உண்மை என்ன? அக்கணக்கில் பிழைகள் இருந்தன என்றும், கம்பெனிச் சிப்பந்திகள் ஆபீசுக்காரருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்தே அதில் கைவைக்க முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 2021-ல் அப்பீல் கோர்ட்டு 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. 2024-ல் பார்லிமெண்டே சட்டம் செய்து நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் மாண்டு போனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இத்தனைக்கும் அந்நாட்டுப் போலீசு அதிகாரிகளின் சங்கமே இவ்விஷயத்தில் நான்கு விதிகள் வகுத்திருந்தது. கைப்பற்றிய கம்ப்யூட்டரில் உள்ளதை மாற்றக் கூடாது. அசலைத் தொட்டே ஆகவேண்டுமானால் தொழில் தெரிந்தவரே தொட்டுக் காரணமும் சொல்லவேண்டும். செய்ததையெல்லாம் எழுதி வைத்து, வேறொருவர் செய்தாலும் அதே முடிவு வரும்படி இருக்கவேண்டும். விசாரணைத் தலைவரே இவற்றுக்குப் பொறுப்பாளி. இவை நான்கும் சாதாரண அறிவுக்கு எட்டாதவையா?

கம்ப்யூட்டரைச் சும்மா திறந்து பார்த்தாலே உள்ளே சில தேதிகள் மாறிவிடும். ஆகையால் நிபுணர்கள் எழுத முடியாதபடி தடுக்கும் கருவியைப் பூட்டி, முழு நகல் எடுத்து, நகலையே ஆராய்வார்கள். அசலுக்கும் நகலுக்கும் "ஹாஷ்" என்னும் அடையாளக் குறி போட்டு ஒப்பிடுவார்கள். ஒரு புள்ளி மாறினாலும் குறி வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த இந்தியச் சாட்சியச் சட்டமும் இக்குறியைச் சர்டிபிகேட்டில் எழுதச் சொல்லுகிறது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அதோடு திருப்தியடைந்து விடக்கூடாது. ஹாஷ் காட்டுவது, குறி போட்ட பிறகு சரக்கு மாறவில்லை என்பதை மாத்திரமே. முதலில் எழுதினது பொய்யானால், அப்பொய் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹொரைசன் கணக்குக்கு ஆயிரம் குறி போட்டிருந்தாலும் ஒரு நிரபராதியும் தப்பியிருக்க மாட்டான்.

ஆகவே தோழர்களே! நாளைக்கு உங்கள் போனையோ, கம்ப்யூட்டரையோ எவரேனும் எடுத்துப்போனால், எடுத்ததற்கு ரசீதும் ஹாஷ் குறியும் கேளுங்கள். கோர்ட்டில், அது யார் யார் கை மாறிற்று, அதில் எழுத யாருக்கெல்லாம் வழியிருந்தது என்று கேளுங்கள். கேள்விக்கு உட்படாத சாட்சி, மனிதனானாலும் யந்திரமானாலும், சாட்சியே அல்ல.